கடைசிச் சிட்டிகைக் கத்தரி விதை

பல் கிளினிக்கின் பின்னறையில் பொய்ப்பல் செய்கிறவளுக்குத் தெரு வைத்த பெயர் பல்லக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் உண்டு, அது பேங்க்காரர்களுக்கு மட்டும்தான் பயன்படுகிறது. முன்னறையில் டாக்டர் ஆட்களின் வாயைப் பார்ப்பார், பின்னறையில் இவள் அந்த வாயின் அச்சைப் பார்ப்பாள். மாவைக் குழைத்து அச்சில் ஊற்றி, இறுகியதும் உடைத்தெடுத்து, சிவப்பு மெழுகில் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாக நட்டு வைப்பாள். "இந்தக் கட்டடத்துலயே பொய் பேசாத ஒரே ஆள் பொய்ப்பல் செய்யறவங்கதான்" என்று டாக்டர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவர் பட்டுத் தெரிந்துகொண்டது அது. இவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பல்செட் பொருந்தவில்லை. உங்கள் ஈறு சுருங்கிவிட்டது என்று டாக்டர் நோயாளியிடம் சமாளித்துக்கொண்டிருந்தபோது, இவள் கதவைத் திறந்து வந்து, "ஈறு நல்லாத்தான் இருக்கு. நான்தான் அச்சு இறுகறதுக்குள்ள எடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தால், கிளினிக்குக்கு நல்ல பெயர் வந்ததே அதற்கப்புறம்தான்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த கணவர் லிப்ட் மெக்கானிக். தங்கமான மனுஷன் என்று நாலு பேரைக் கேட்டால் நாலு பேரும் சொல்வார்கள். "இன்னும் பத்து நிமிஷத்துல ஓடிடும்" என்று அவர் சொன்னால் சாயங்காலம்வரை லிப்ட் ஓடாது என்று எல்லா அடுக்குமாடிக்காரர்களுக்கும் தெரியும். இருந்தும் யாரும் கோபித்துக்கொண்டதில்லை, சொல்கிற வாய் அப்படி. எதிரில் நிற்பவர் முகம் வாடக்கூடாது, அதுதான் அவர் கொள்கை. வாடாமல் இருக்க என்ன வேண்டுமானாலும் சொல்வார். பல்லக்கா இதை ஒரு குறையாக நினைத்ததே இல்லை. வீட்டில் ஒருத்தி வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசினால், இன்னொருத்தராவது கொஞ்சம் இனிப்பாகப் பேசட்டுமே என்று இருந்துவிட்டாள்.

மகளுக்குக் கல்யாணம் ஆகி அவள் அறை காலியான பிறகு பல்லக்காவுக்கு மாடித் தோட்டப் பைத்தியம் பிடித்தது. அச்சு மாவு வருகிற பிளாஸ்டிக் வாளிகள் கிளினிக்கில் சேர்ந்துகொண்டே இருக்கும். அவற்றின் அடியில் துளை போட்டு, மண் நிரப்பி, மாடிச் சுவரோரம் வரிசையாக வைத்தாள். கொடியைக் கட்டப் பல் கட்டுகிற கம்பிதான். முதலில் கடையில் படம் போட்ட பாக்கெட் விதை வாங்கிப் போட்டாள். காய்த்தது. அந்தக் காயிலிருந்து விதை எடுத்து அடுத்த தடவை போட்டபோது செடிகள் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரியே இல்லை. ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்று மலடு. பாக்கெட்டில் இருந்தது ஹைப்ரிட். அது முதல் தடவை ஒரே அச்சில் வார்த்த மாதிரி காய்க்கும். அதன் விதையைப் போட்டால் குடும்பம் சிதறிவிடும். அம்மாவைப் போலவே பிள்ளையும், பிள்ளையைப் போலவே பேரப்பிள்ளையும் வேண்டுமென்றால் பழைய நாட்டு விதைதான் வேண்டும். அச்சு மாறினால் தூக்கம் வராத ஜாதி அவள். நாட்டு விதை தேடிப் புறப்பட்டாள்.

நூலகத்துக்குப் பின்னால் வண்டி நிறுத்துகிற இடத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விதைக்காரர்கள் கூடுவார்கள். அங்கேதான் எல்லாரும் வித்துக்காரர் என்று கூப்பிடுகிறவரைப் பார்த்தாள். வித்துக்காரர் வாரநாளில் ஒரு கிடங்கின் காவலாளி. வாசலில் நின்று எல்லாரையும் சந்தேகத்தோடு பார்த்துப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமையும் அந்தப் பார்வையை வீட்டில் விட்டுவிட்டு வர அவருக்குத் தெரியாது. தரையில் ஒரு பாயை விரித்து, அதில் மருந்துப் பாட்டில்களில் விதைகளை வைத்திருப்பார். காசை நீட்டினால் வாங்கமாட்டார். முதலில் விசாரணை நடக்கும்.

"மாடி எந்தப் பக்கம் பாக்குது?"

"கிழக்கு."

"பக்கத்து வீட்டுல என்ன போட்டிருக்காங்க?"

"ஒண்ணும் இல்ல. துணிதான் காயுது."

"அடிக்கடி வெளியூர் போவீங்களா?"

"வேலைக்கும் வீட்டுக்குமே நேரம் சரியா இருக்கு."

"ஒருவேளை போனா யாரு தண்ணி ஊத்துவாங்க?"

"அண்ணா, நான் விதை வாங்க வந்தேனா, உங்க வீட்டுக்குச் சம்பந்தம் பேச வந்தேனா?" என்றாள் பல்லக்கா. பக்கத்துப் பாயில் கீரை விதை விற்றுக்கொண்டிருந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். வித்துக்காரர் சிரிக்கவில்லை. ஆனால் அவரைக்காய் விதையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

அந்தச் சந்தைக்கு ஒரு வழக்கம் உண்டு. முதல் தடவைதான் காசு. காய்த்ததும் முதல் காயைப் பறிக்கக்கூடாது, அதைச் செடியிலேயே முற்றவிட்டு விதை எடுக்க வேண்டும். வாங்கியதைப்போல இரண்டு பங்கு விதையைக் கொடுத்தவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கையெழுத்து, சாட்சி ஒன்றும் கிடையாது. சொன்னபடி திருப்பிக் கொடுக்காதவருக்கு அடுத்த மாதம் யார் பாயிலும் விதை கிடைக்காது, அவ்வளவுதான். பல்லக்கா அவரையைத் திருப்பினாள், வெண்டையைத் திருப்பினாள், பாகலைத் திருப்பினாள். பூவிலேயே மெல்லிய துணிப்பை கட்டி, வேறு செடியின் மகரந்தம் படாமல் காத்து, அந்தப் பூ காயானதும் அதற்கு நூல் கட்டி அடையாளம் வைத்து, அவள் கொண்டுவரும் விதை ஒன்றுபோல இருக்கும். நாலைந்து வருஷத்தில், வித்துக்காரர் கேள்வி கேட்காமல் விதை கொடுக்கிற ஒரே ஆள் பல்லக்கா என்று ஆயிற்று.

ஒரு ஞாயிறு அவர் பாயில் பாட்டில்கள் பாதிதான் இருந்தன. கிடங்குக்குப் பின்னால் அவர் செடி போட்டுவந்த துண்டு நிலத்தில் முதலாளி லாரி நிறுத்த சிமென்ட் போட்டுவிட்டார்.

"இருக்கறதை எல்லாருக்கும் பிரிச்சுக் குடுத்துட்டு வரேன். நம்பிக் குடுக்கற மாதிரி ஆளுங்க இருக்கணுமே" என்றவர், சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன மடிப்பை எடுத்தார். "இது கருங்குண்டு. கத்தரி. கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான், மையா கறுத்திருக்கும். காம்புல கைவைக்க முடியாது, அவ்வளவு முள்ளு. வாங்கிட்டுப் போனவங்க எல்லாரும் கோட்டை விட்டுட்டாங்க. இந்தச் சிட்டிகைதான் மிச்சம். எனக்குத் தெரிஞ்சு வேற எங்கயும் இல்ல."

பல்லக்கா பர்ஸைத் திறந்தாள்.

"காசு வேணாம்மா. வித்து திரும்பி வரணும்."

"வரும்" என்றாள் பல்லக்கா. அவள் வரும் என்றால் வரும். அது சந்தைக்கே தெரியும்.

கிளினிக்கில் வாய் கொப்பளிக்கக் கொடுக்கிற காகிதக் கோப்பைகளில் விதையை ஊன்றினாள். ஒன்றுவிடாமல் முளைத்தன. இரண்டு இலை விட்டு, மூன்றாவது இலைக்கு முனை காட்டிய நேரத்தில் மகள் வீட்டிலிருந்து போன் வந்தது. மகளுக்குப் பிரசவ வலி, எதிர்பார்த்ததற்கு முன்பே. பல்லக்கா ஒரு பையில் நாலு துணியை அடைத்துக்கொண்டு கிளம்பினாள். கிளம்புகிற அவசரத்திலும் கணவரை மாடிக்கு இழுத்துப்போய்க் காட்டினாள். "காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. ஊத்தாதீங்க, தெளிங்க. மறந்துடாதீங்க, இது வேற எங்கயும் இல்ல."

"நான் இருக்கேன்ல, நீ பொண்ணைப் பாரு" என்றார் அவர்.

மகளுக்கு உடம்பு படுத்தியது, குழந்தை சின்னதாக இருந்தது, திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து தினமும் போன் பண்ணிக் கேட்பாள். "செடி எப்படி இருக்கு?" "உன்னைத்தான் கேக்குது" என்பார். பேத்தியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் சிரிப்பாள்.

வந்து மாடியேறிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நாற்றுகள் முழங்கை உயரத்துக்கு, தளதளவென்று, வாளிகளில் நின்றன. "கோப்பை பத்தலைன்னு நானே வாளிக்கு மாத்திட்டேன்" என்றார் கணவர். கல்யாணமான நாளிலிருந்து மண்ணில் கை வைக்காத மனுஷன். அவர் நகத்தைப் பிடித்துப் பார்த்தாள், உண்மையிலேயே மண் இருந்தது. பல்லக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் கிளினிக்கில் டாக்டரிடம், வரவேற்பில் இருக்கும் பெண்ணிடம், அச்சு எடுக்க வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தவரிடம்கூடச் சொன்னாள். "எங்க வீட்டுக்காரர் காப்பாத்திக் குடுத்தார்."

காய்த்தது. உருண்டையாக, கறுப்பாக, வாளிக்கு வாளி ஒரே அச்சு. முதல் காயைத் தொடாமல் முற்றவிட்டு, மஞ்சளாகிச் சுருங்கிய பிறகு அறுத்து, விதையைக் கழுவி நிழலில் உலர்த்தினாள். வாங்கியது ஒரு சிட்டிகை, கொண்டுபோய்க் கொடுத்தது ஒரு கைப்பிடி. வித்துக்காரர் அவள் போனில் இருந்த காயின் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"காம்புல முள்ளு கம்மியா இருக்கே."

"மாடி வெயிலுக்கு அப்படி ஆயிருக்கும். பூவுக்குப் பூ பை கட்டி எடுத்தது. ஒரு தேனீகூட அண்டல."

"நீங்க சொன்னா சரி" என்றார் அவர். வேறு யாராவது சொல்லியிருந்தால் அந்த விதையை அவர் கையால் தொட்டிருக்கமாட்டார். அன்றே சந்தையில் கருங்குண்டு ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரிந்து போயிற்று.

அடுத்த பருவத்தில் விஷயம் வெடித்தது. கீரை விதைக்கார அம்மாளுக்குப் பச்சைக் கத்தரி காய்த்தது. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவருக்கு நீளமாக, வரி வரியாக. ஒருவருக்கு வெள்ளை. பல்லக்காவின் சொந்த மாடியிலேயே வாளிக்கு ஒரு நிறம், வாளிக்கு ஒரு வடிவம். மாடிப்படியில் உட்கார்ந்து யோசித்தாள். போன தடவை எல்லாம் ஒரே அச்சு, இந்தத் தடவை குடும்பமே சிதறியிருக்கிறது. பூவுக்குப் பை கட்டியது அவள் கை, அதில் தப்பு வராது. அப்படியென்றால் அவளுக்கு வந்து சேர்ந்ததே ஹைப்ரிட்தான். வேறு எங்கேயும் இல்லை, கடைசிச் சிட்டிகை, காசு வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி அந்த மனுஷன் கடை விதையை அவள் தலையில் கட்டியிருக்கிறார். அவள் வாயாலேயே ஊருக்கெல்லாம் நல்லது என்று சொல்லவைத்திருக்கிறார். நினைக்க நினைக்க அவளுக்கு உடம்பு எரிந்தது.

சந்தை ஞாயிறு அன்று கணவரையும் கூட்டிக்கொண்டு போனாள். பாயின் முன்னால் அந்தக் கத்தரிக்காய்களை, பச்சை, வெள்ளை, வரி என்று எல்லாவற்றையும் பையிலிருந்து கொட்டினாள். கூட்டம் கூடிவிட்டது.

"இதுவா அண்ணா கருங்குண்டு? இதுல எது கரு, எது குண்டு, நீங்களே எடுத்துக் காட்டுங்க."

வித்துக்காரர் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "புரியலம்மா" என்றார்.

"உங்களுக்கா புரியல? வாங்க வந்தவங்க பூர்வீகத்தையெல்லாம் விசாரிக்கிறீங்க, குடுத்த வித்தோட பூர்வீகம் தெரியாதா? நம்பி வாங்கினேன். என்னை நம்பி இத்தனை பேர் வாங்கினாங்க. இவங்க முகத்துல நான் எப்படி முழிக்கறது?"

கணவர் அவள் தோளில் கை வைத்தார். "விடும்மா" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். சுற்றி நின்றவர்கள் அவரையும் பார்க்கவே, ஏதாவது சொல்லவேண்டும் என்று தோன்றியிருக்கிறது. "வயசானா கண்ணும் தெரியாது, கையும் நிதானப்படாது. கடையில வாங்கினதையும் வீட்ல இருந்ததையும் ஒண்ணாப் போட்டுட்டு, பழைய வித்துன்னு சொல்றது. ஆளுங்களை ஏமாத்தறதுக்கு ஒரு அளவு வேணாமா?" என்றார். பேச்சில் அப்போதும் இனிப்புதான்.

வித்துக்காரர் அவரைப் பார்க்கவில்லை, பல்லக்காவைத்தான் பார்த்தார். "என்கிட்டதான் எங்கயோ தப்பு இருக்கும்மா. நீங்க சொன்னா இருக்கும்" என்று சொல்லிவிட்டு, பாட்டில்களைப் பையில் எடுத்துப் போட்டு, பாயைச் சுருட்டிக்கொண்டு போனார். அடுத்த மாதம் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. குட்டு வெளிப்பட்டவன் எப்படி வருவான் என்றார்கள் சந்தையில். பல்லக்காவும் அப்படித்தான் நினைத்தாள்.

பிறகு ஒருநாள் கிளினிக்குக்குப் பொக்கைவாயோடு ஒருவர் வந்தார். பைபாஸ் ரோட்டில் நர்சரி வைத்திருக்கிறவர். மேலும் கீழும் முழுசெட் வேண்டும். மெழுகு வைத்து அளவு பார்க்கிற நாள் அன்று. பல்லக்காதான் அவர் வாயில் வைத்துக் கடிக்கச் சொல்லி, எடுத்து, தேய்த்து, மறுபடி வைத்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் அவளைக் கூட்டிப்போக வந்த கணவர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஸ்கூட்டரை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினார். நர்சரிக்காரர் மெழுகை அவள் கையில் துப்பிவிட்டுக் கதவுப் பக்கம் கையை ஆட்டினார்.

"அட, நம்ம கத்தரி நாத்துக்காரர்!"

"எந்தக் கத்தரி?" என்றாள் பல்லக்கா.

"உங்களுக்கு இவரைத் தெரியுமா? ரொம்பப் பதட்டமா வந்தாரும்மா. காஞ்சுபோன நாத்து ஒண்ணைப் பேப்பர்ல மடிச்சு எடுத்துட்டு வந்து, இதே மாதிரி இலை வேணும், காய் உருண்டையா கறுப்பா இருக்கணும், பொண்டாட்டி ஊர்லேர்ந்து வரதுக்குள்ள வேணும்னு ஒத்தைக்கால்ல நின்னாரு. வாளி அளவுக்கு வளர்ந்த நாத்தா பாத்து நான்தான் எடுத்துக் குடுத்தேன். ஹைப்ரிட்தான், ஆனா நல்ல ஜாதி. காய்ச்சுதான்னு கேக்கணும்னு இருந்தேன். கூப்பிடுங்களேன்."

பல்லக்கா மெழுகைக் கையில் பிடித்தபடி நின்றாள். அவள் கைச்சூட்டில் அது இளகி, வரிசையாக நட்டிருந்த பற்கள் சாய்ந்தன. "நாளைக்கு வாங்க, திரும்ப வைக்கணும்" என்றாள். தன் குரல் இவ்வளவு சாதாரணமாக வந்ததே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. வெளியே போய் ஸ்கூட்டரில் ஏறவில்லை, கணவரைத் தாண்டி நடந்தே வீட்டுக்கு வந்தாள். அவர் வண்டியை உருட்டிக்கொண்டு பின்னாலேயே, "என்னாச்சு, என்னாச்சு" என்று வந்தார்.

சமையலறையில் நின்றுதான் கேட்டாள்.

"செடி எப்போ செத்துச்சு?"

எந்தச் செடி என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "நீ ஊருக்குப் போன அந்த வாரமே" என்றார். "பெரிய கட்டடத்துல லிப்ட் நடுவுல நின்னுடுச்சு, ரெண்டு நாள் அங்கேயே இருந்தேன். வந்து பாத்தா கருகிக் கிடக்குது. நீ ஆஸ்பத்திரியில குழந்தையை வச்சுக்கிட்டு இருக்க, அங்க போய் இதைச் சொல்ல முடியுமா? உன் மனசு தாங்காதுன்னுதான்..."

"என் மனசு தாங்குமா தாங்காதான்னு எப்போ அளந்து பாத்தீங்க?"

"நீ வந்ததும் சொல்லிடலாம்னுதான் இருந்தேன். நீ மாடியில நின்னு அப்படிச் சந்தோஷப்பட்டியே."

"அழுதிருப்பேன். ரெண்டு நாள் உங்களைத் திட்டியிருப்பேன். மூணாம் நாள் போய் அவர்கிட்ட, அண்ணா, செத்துடுச்சுன்னு சொல்லியிருப்பேன். வேற யார்கிட்டயாவது நாலு வித்து ஒட்டிக்கிட்டு இருக்கான்னு அப்பவே தேடியிருப்பாரு." அவளுக்குக் குரல் ஏறிக்கொண்டே போயிற்று. "சரி, அதை விடுங்க. சந்தையில? நான்தான் தெரியாம கத்தறேன். உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் என் தோள்ல கையை வச்சுக்கிட்டு அந்த மனுஷனை ஏமாத்துக்காரன்னு சொன்னீங்களே, எப்படிங்க வாய் வந்துச்சு?"

"நீ கோபமா இருந்த. அத்தனை பேர் முன்னாடி உன்னை விட்டுக்கொடுக்க முடியுமா?"

இவர் இதை நிஜமாகவே நம்புகிறார் என்று அவளுக்குப் புரிந்தது. அதுதான் அவளை நிலைகுலையவைத்தது. தன்னைக் காப்பாற்றிக்கொண்டதைக்கூட இவர் மனைவிக்குச் செய்த உபகாரமாகத்தான் பார்க்கிறார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் தனக்கு இவர் சொன்ன நல்ல வார்த்தைகளையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்க்கவேண்டும் போல இருந்தது. எது நிஜம், எது முகம் வாடாமல் இருக்கச் சொன்னது? இனிமேல் எப்படித் தெரியும்? கூடவே படுத்து, கூடவே எழுந்து, ஒரே தட்டில்கூடச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

"ஞாயித்துக்கிழமை அவர் வீட்டுக்குப் போறோம். உங்க வாயால சொல்றீங்க" என்றாள்.

"கண்டிப்பா" என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை காலை, சட்டை போட்டு, தலை வாரி, செருப்பு மாட்டுகிற வரைக்கும் வந்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "நீயே போய்ட்டு வந்துடேன். உனக்குத்தான் அவரைப் பழக்கம். நான் வந்தா அவருக்கும் சங்கடம்" என்றார். பல்லக்கா தனியாகப் படியிறங்கினாள்.

வித்துக்காரர் வீடு, கிடங்குக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் ஒற்றை அறை. கதவைத் திறந்தவர் உள்ளே வா என்று சொல்லவில்லை. வாசலில் நின்றபடியே பல்லக்கா எல்லாவற்றையும் சொன்னாள். செத்தது, மாற்றியது, மறைத்தது, நர்சரிக்காரர் சொன்னது. "உங்க மேல ஒரு தப்பும் இல்லண்ணா. அத்தனை பேர் முன்னாடி நான் பேசினதை, அத்தனை பேர் முன்னாடியே தப்புன்னு சொல்றேன்" என்றாள்.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்து வந்திருந்தாள். அவர் மெல்ல, "அப்போ கருங்குண்டுல ஒரு வித்துகூட மிச்சமில்லையா?" என்றுதான் கேட்டார்.

"இல்லண்ணா."

அவர் திரும்பி அறைக்குள் பார்த்தார். அவளும் பார்த்தாள். சுவரோரப் பலகையில் மருந்துப் பாட்டில்கள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. எல்லாம் காலி.

"மத்த வித்தெல்லாம் எங்கண்ணா?"

"நீங்க அன்னிக்குச் சொன்னதும் வந்து யோசிச்சேன்மா. நீங்க பை கட்டினா கட்டினதுதான், உங்ககிட்ட தப்பு வராது. அப்போ நான் குடுத்ததுலதான் கலப்பு ஏறியிருக்கணும். ஒண்ணுல ஏறியிருந்தா, அதே நிலத்துல அதே வருஷம் எடுத்த எல்லாத்துலயும் ஏறியிருக்கலாமே. தெரிஞ்சே எப்படி நாலு பேருக்குக் குடுக்கறது? சும்மா கொட்டினா யாராவது எடுத்து முளைக்கப் போட்டுடுவாங்கன்னு, கொதிக்கிற தண்ணிய ஊத்திட்டுதான் குப்பையில போட்டேன்."

பல்லக்காவின் பேச்சின் மேல் இந்த மனுஷனுக்குத் தன் கண்ணைவிட நம்பிக்கை. அந்த நம்பிக்கையாலேயே அத்தனையும் போயிருக்கிறது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

"அவர் ஏன் வரல?" என்று வித்துக்காரர் கேட்டார். "செஞ்சவர் அவர்தானே. அவர்தானேம்மா வந்து சொல்லணும்?"

"அவருக்கு உடம்பு சரியில்லண்ணா" என்றாள் பல்லக்கா.

யோசித்துச் சொல்லவில்லை. கணவரைப் பற்றி ஒரு ஆள் ஒரு வார்த்தை கேட்டால் முன்னால் போய் நிற்கிற பழக்கம், அது தானாக வந்துவிட்டது. வித்துக்காரரின் முகம் இளகியது. "அப்படியா? மனசு உறுத்தினா உடம்பும் படுத்தத்தான் செய்யும், பாவம். அவரை ரொம்ப ஒண்ணும் சொல்லாதீங்கம்மா. உடம்பைப் பாத்துக்கச் சொல்லுங்க" என்றார்.

வழியெல்லாம் அந்தப் 'பாவம்' அவளைக் குத்திக்கொண்டே வந்தது. வீட்டுக் கதவு திறந்திருந்தது. கணவர் மாடிச் செடிகளுக்கெல்லாம் தண்ணீர் ஊற்றி, நாற்காலிகளைத் துடைத்து வைத்துவிட்டு, வாசலைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

"என்ன சொன்னார்?"

"உடம்பைப் பாத்துக்கச் சொன்னார்."

"யாரை?"

"உங்களை."

"எனக்கு என்ன உடம்புக்கு?" என்றவர் ஒரு நொடி விழித்தார். பிறகு புரிந்துவிட்டது. அத்தனை நாளாக இறுகியிருந்த முகம் அப்படியே மலர்ந்தது. "நல்லவேளை" என்றார். வாய்கொள்ளாச் சிரிப்பு. "நீயாச்சும் சமாளிச்சியே. நான் பயந்துக்கிட்டே இருந்தேன். அவ்வளவுதான், முடிஞ்சுது விடு. உள்ள வா, உக்காரு."

முதல்முறையாக இருவரும் ஒரே பக்கம் நிற்கிற சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது. பல்லக்கா அந்த முகத்தையே பார்த்தாள். அவள் செருப்பை இன்னும் கழற்றியிருக்கவில்லை. திரும்பிப் படியிறங்கினாள்.

"இப்பதானே வந்த, எங்க போற?"

"உங்களுக்கு உடம்பு நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிட்டு வரேன்" என்றாள்.